அண்ணையின் மீசைக்கு அடித்த கடைசிக் கோட்

என் வாழ்நாளில் ஒரேயொரு முறை, இறந்துபோன ஒருவரின் மீசைக்கு நான் டை அடித்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. வேலைக்கான விண்ணப்பப் படிவங்களில் ‘வேறு திறமைகள்’ என்று ஒரு கட்டம் வருமே, அதை நிரப்பும்போதெல்லாம் இந்த நினைப்பு வந்துபோகும். இதுவரை எழுதத் துணிந்ததில்லை.

அப்போது நான் மத்திய லண்டனில் ஒரு மியூசியத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். கலியாண வீடுகளில் என் மனைவி “இவருக்கு மியூசியத்தில வேலை” என்று சொல்லி, வாக்கியத்தை அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வாள். கேட்டவர்கள் என்னை ஆராய்ச்சியாளன் என்று நினைத்துக் கூடுதலாக ஒரு வடை வைப்பார்கள். உண்மையில் நான் செய்தது நிற்கும் வேலை. கறுப்புக் காற்சட்டையும் கழுத்தில் அட்டையுமாகக் கண்காட்சிக் கூடத்தின் மூலையில் நின்று, கண்ணாடியில் மூக்கை ஒட்டுபவர்களிடம் ஒட்ட வேண்டாம் என்று தாழ்மையாகச் சொல்ல வேண்டும். மிச்ச நேரத்தில் கழிப்பறைக்கு வழி காட்ட வேண்டும். நான் வாசித்துத் தள்ளிய புத்தகங்கள் எல்லாம் அந்த வழிகாட்டலுக்கு ஒரு நயத்தைச் சேர்த்தன என்றே நம்புகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு வருடம், பெருவிலிருந்து ஒரு முகமூடி எங்கள் கூடத்துக்கு வந்தது. ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முந்தியது. அந்த நாட்டின் வடக்குக் கரையோரத்தில் வாழ்ந்த பெரிய மனிதர் ஒருவரைப் புதைத்தபோது அவருடைய முகத்தின்மேல் வைத்தது. பொன்னும் வெள்ளியும் செம்பும் கலந்த தகடு. மனித முகத்தைவிட அகலம். படுக்கப்போட்ட காற்புள்ளி மாதிரி, வெளிப்பக்கம் மேலேறிய கண்கள். காதுகளில் வட்டத் தட்டுகள். மூக்கோரத்திலும் காதடியிலும் சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

நாலு மாதம் அந்த முகத்துக்கு எதிரே நின்றேன். என் மனைவியின் முகத்தைக்கூட அத்தனை மணி நேரம் தொடர்ந்து பார்த்ததில்லை. பார்த்தால் “என்ன?” என்று கேட்பாள். முகமூடி ஒன்றும் கேட்கவில்லை. அந்த மரியாதைக்காகவே அதன் பக்கத்தில் தொங்கிய விளக்க அட்டையை மனப்பாடம் ஆகும்வரை வாசித்தேன். பிறகு நூலகத்துக்குப் போய் இரண்டு தடித்த புத்தகங்களும் எடுத்து வந்தேன். கழிப்பறை எங்கே என்று கேட்டவர்கள் சிலர், கேளாமலே பெரு நாட்டுப் புதைகுழிகளைப் பற்றியும் தெரிந்துகொண்டு போனார்கள்.

இனி அண்ணை. எனக்குச் சொந்த அண்ணன் இல்லை, இவர் மன்னார்க்காரர். ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வந்த புதிதில் இருவரும் ஒரே அறையில் குடியிருந்தோம். நான் ஆர்ச்வே முருகன் கோவில் பக்கம், அவர் மாதா கோயில் பக்கம் என்பதால் எங்கள் இருவருக்கும் ஒருநாளும் வழிபாட்டில் சண்டை வந்ததில்லை. சமையலில்தான் வந்தது. பிறகு அவர் வால்தம்ஸ்டோவில் ரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே ஒரு கராஜ் போட்டார். அடிபட்ட கார்களின் நெளிவெடுத்துப் பெயின்ட் அடிக்கும் வேலை. பழைய காரின் வெயிலில் வெளிறிய நிறத்துக்குச் சரியாகப் புது நிறம் கலப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கதவு புதிது, கார் பழையது என்று சொந்தக்காரனுக்கே தெரியாது. எதைக் கேட்டாலும் “ஜெர்மனியில பழகினது” என்பார். தேத்தண்ணீர் போடுவதையும் அங்கேதான் பழகினாராம்.

இவ்வளவு கைதேர்ந்த மனிதருக்கு ஒரே ஓர் இடத்தில் மட்டும் கை தவறும். ஞாயிறு காலையில் பூசைக்குப் போகுமுன் மீசைக்கு டை அடிப்பார். மேலுதட்டின் இடப்பக்க ஓரத்தில், மீசை முடிகிற இடத்தில், கட்டாயம் ஒரு கறுப்புத் தீற்று விழும். கோயிலில் எதிர்ப்பக்க வாங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் வாயோரத்தைத் தொட்டு அவருக்குச் சாடை காட்டுவார்கள். அவர் கைலேஞ்சியை எடுத்து வலப்பக்கத்தைத் துடைப்பார். வருடக்கணக்காக இதே கதை. நானும் டிசம்பரில் நத்தார்ப் பூசைகளுக்குப் போய்ச் சாடை காட்டியிருக்கிறேன்.

“காருக்கெல்லாம் டேப் ஒட்டி மறைச்சுப்போட்டு அடிக்கிறியள். மீசைக்கும் ஒட்டினால் என்ன?” என்று அவருடைய மனைவி கேட்பார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

“காருக்கு வலிக்காது” என்பார் அண்ணை.

முகமூடி வந்திருக்கிறது என்று நான் ஓயாமல் சொன்னதில், ஒரு நாள் கராஜைப் பூட்டிவிட்டுப் பார்க்க வந்தார். கண்ணாடிக்கு முன் நின்றார். குனிந்தார், பக்கவாட்டாகப் பார்த்தார், சுற்றிப் பின்னால் போனார்.

“ஐசே, இது தகர வேலை.”

“பொன் அண்ணை.”

“பொன்னெண்டாலும் தகர வேலைதான். அந்தக் கன்னத்தைப் பாரும். சூடு காட்டிச் சூடு காட்டி அடிச்சிருக்கிறான். எங்கயாவது ஒரு வெடிப்பிருக்கோ? ஒரு வேன்ர மட்காட்டை இப்பிடி எடுக்க எனக்கு ரெண்டு நாள் வேணும்.” பிறகு விரலால் மூக்கோரத்தைக் காட்டினார். “உந்தச் சிவப்பு என்ன?”

“முகம் முழுக்கச் சிவப்புப் பூசித்தான் வைச்சவையாம். தோண்டி எடுத்து வித்தவங்கள், பொன் தெரிய வேணுமெண்டு இப்பிடிப்பட்ட முகமூடியளைச் சுரண்டிப்போடுவாங்களாம்.”

அண்ணையின் மூக்கு, கூண்டின் கண்ணாடியில் ஒட்டியது. கடமை தவறாமல் நான் எச்சரித்தேன். அவர் காதில் விழவில்லை.

“பெயின்டைச் சுரண்டினவங்களோ?”

“ஓம்.”

“கடைசிக் கோட் அடிச்சவனுக்கு உள்ளுக்குப் பொன் இருக்கிறது தெரியாதே? தெரிஞ்சுதானே அடிச்சவன். அதுதானப்பா வேலை. அதைச் சுரண்டிப்போட்டு, வேலை முடியாத சாமானைக் கண்ணாடிக்குள்ள வைச்சு, உம்மையும் காவலுக்கு நிப்பாட்டியிருக்கினம்.”

என் உத்தியோகத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை. பேச்சை மாற்றுவதற்காகப் புதைகுழியைப் பற்றிச் சொன்னேன். அப்படிப்பட்ட ஒரு குழியில் பெரிய மனிதரைத் தலைகீழாக இருத்தி வைத்திருந்தார்கள். முகமூடி அணிந்த தலையை மட்டும் தனியாக எடுத்து நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

“தலைகீழாவோ? ஏன்?”

“சரியாத் தெரியாது. திரும்பப் பிறக்கிறதுக்கெண்டு சில பேர் சொல்லினம்.”

“ஓம், பிள்ளை தலைகீழாத்தானே வரும்” என்றார், தானே பிரசவம் பார்த்தவர் போல. நான் இரண்டு புத்தகம் வாசித்து வந்து சேர்ந்த இடம் அது.

“கூடவே ரெண்டு பொம்பிளையளையும் ரெண்டு பிள்ளையளையும் வைச்சவை.”

அண்ணை சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அக்காவுக்கு இதைச் சொல்லிப்போடாதையும். அவவை என்னோட வைச்சா, அங்கயும் வந்து டை வழியுது எண்டு நிப்பா.”

மற்றக் கூண்டுகளில் அந்த வகை முகமூடிகளின் பெரிய படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் அதே கண், அதே மூக்கு. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“எல்லாருக்கும் ஒரே முகமோ?”

“ஓம் அண்ணை. உள்ளுக்கு இருக்கிற ஆளின்ர முகமில்லை. துரையின்ர முகம், அல்லது அவையின்ர கடவுளின்ர முகம். பெரிய ஆள் எண்டு தெரிஞ்சாப் போதும்.”

“அது பெரிய ஆக்களுக்குச் சரி. எங்களை மாதிரி ஆக்களுக்கு ஆள் தெரிய வேணும். இல்லாட்டி ஆருக்கெண்டு அழுகிறது?” மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: “தம்பி, என்னைப் பெட்டியில வைக்கேக்க மீசைக்கு ஒரு கோட் அடிச்சுப்போட்டு வையும். வெள்ளை மீசையோட சனத்துக்கு முன்னால போக ஏலாது.”

“ஜெர்மன் டையோ அண்ணை?”

“எதெண்டாலும் சரி. வழியாமல் அடியும்.”

இருவரும் சிரித்தோம். கூடத்தில் சத்தம் போடக் கூடாது என்று ஒரு வெள்ளைக்காரக் கிழவி எங்களைப் பார்த்தாள். அதைச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குபவன் நான் என்பதை, கழுத்தில் அட்டை தொங்கியும், அவள் கவனித்திருக்கவில்லை.

அதே வருடம் அவர்களுடைய வெள்ளிவிழாக் கலியாண நாள் வந்தது. மகள் பிடிவாதமாக இருவரையும் ஈஸ்ட் ஹாமில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனாள். எங்கள் ஸ்டூடியோக்காரர்களுக்கு ஒரு தர்மம் உண்டு: கேட்டாலும் கேளாவிட்டாலும் ஆட்களை வெளுப்பாக்கித்தான் கொடுப்பார்கள். அண்ணை தாராளமான கறுப்பு. படத்தில் அவர் பாலில் இரண்டு சொட்டுத் தேயிலைச் சாயம் விட்ட நிறத்தில் இருந்தார். அவரிடம் இல்லாத ஒரு நீல டையும் கழுத்தில் கட்டியிருந்தது. சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார்கள்.

“என்னை ரீஸ்ப்ரே பண்ணிப்போட்டான்” என்று வருபவர்களிடமெல்லாம் காட்டுவார் அண்ணை. “நிறம் பிழை. ஆனாப் பினிஷ் பரவாயில்லை.”

அடுத்த வருடம் அவருக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு கிழமை. டை அடிக்க வழியில்லாமல் மீசை வேரிலிருந்து வெளுக்கத் தொடங்கியது. கோயில் ஆட்கள் யாரும் பார்க்க வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான் போனால் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொள்வார். கடைசி நாட்களில் ஆக்சிஜன் மாஸ்க் போட்ட பிறகுதான் ஆட்களை உள்ளே விடச் சம்மதித்தார். அது மூச்சுப் பட்டு மங்கி, மீசையை மறைத்தது. அதற்குள்ளிருந்து என்னிடம் ஏதோ சொன்னார். நான் குனிந்தேன். “உம்மட ஆளின்ரையைவிட இது நல்ல வேலை” என்றார். மியூசியத்து முகமூடியைத்தான் சொன்னார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஒரு வியாழக்கிழமை அவர் போனார்.

அடுத்த கிழமை செவ்வாய் பின்னேரம் இரண்டு மணிக்குச் சனம் பார்ப்பதற்கு வைப்பதாக ஏற்பாடு. பன்னிரண்டு மணிக்கே நாங்கள் பியூனரல்காரரின் இடத்துக்குப் போனோம்: அக்கா, மகள், நான். சனம் வருமுன் தான் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தார். அங்கே பொறுப்பாக இருந்தது ஓர் ஆங்கிலேயப் பெண். நடுத்தர வயது, மென்மையான குரல். கதவைத் திறந்துவிட்டு எங்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

அக்கா பெட்டியருகே போய்ப் பார்த்தார். பிறகு திரும்பி, அறை மாறி வந்துவிட்டோமோ என்பது போல என்னைப் பார்த்தார்.

“தம்பி, இது இவரில்லை.”

நானும் பார்த்தேன். பெட்டிக்குள் இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த நிறத்தில் ஒரு கனவான் படுத்திருந்தார். கன்னங்கள் ஒரே சீராக, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தன. அந்த வெளுப்புக்குக் கீழே மீசை சுத்த வெள்ளையாகக் கிடந்தது. ஓய்வுபெற்ற ஆங்கிலேயக் கப்பல் கப்டன் என்று சொன்னால் நம்பலாம்.

“அப்பா இப்பிடி இல்லை” என்று மகள் ஆங்கிலத்தில் அந்தப் பெண்ணிடம் சொன்னாள். “இது என்ன நிறம்?”

அந்தப் பெண் பதறவில்லை. மேசையிலிருந்து ஒரு படத்தை எடுத்து வந்து காட்டினாள். “நீங்கள் தந்த படத்தைப் பார்த்துத்தான் செய்தேன். மூன்று நிறத்தைக் கலக்க வேண்டியிருந்தது. மீசையை மட்டும் குடும்பத்தாரைக் கேளாமல் தொடுவதில்லை.” ஈஸ்ட் ஹாம் படம். நீல டையோடு. அவளைக் குற்றம் சொல்ல வழியே இல்லை. படத்துக்கும் பெட்டிக்கும் நிறம் அச்சாகப் பொருந்தியிருந்தது. அண்ணையே இருந்திருந்தால் வேலைக்குக் கூப்பிட்டிருப்பார்.

மகள் படத்தை வாங்கிப் பார்த்தாள். “நான்தான் மாமா அனுப்பினது” என்றாள் என்னிடம். “நல்லா இருந்த படம் இது ஒண்டுதான்.” அவள் வாய் கோணத் தொடங்கியது.

அக்கா அழவில்லை. சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். “ரெண்டு மணிக்குச் சனம் வந்திடும். இவரை இப்பிடிக் காட்ட ஏலாது. ஆரோ ஒரு ஆளுக்கு முன்னால நிண்டு செபமாலை சொல்லச் சொல்லுறியளோ?”

அந்தப் பெண்ணிடம் நான் விளக்கினேன். அவள் கிறீமும் பஞ்சும் ஒரு கிண்ணமும் கொண்டுவந்து தந்தாள். உதவி வேண்டுமா என்று கேட்டாள். அக்கா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். நெற்றியிலிருந்து தொடங்கினார். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழைய பெயின்டைச் சுரண்டுகிறவர்களைப் பற்றி நாலு மாதம் கண்டவர்களிடமெல்லாம் குறை சொன்னவன், சுரண்டிய பெயின்டை ஏந்துகிற உத்தியோகத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன்.

பஞ்சு பஞ்சாக அந்த இளஞ்சிவப்பு வந்தது. முதலில் நெற்றிச் சுருக்கம், பிறகு மூக்கின் கறுப்பு. வலக் கன்னத்தில், காதுக்குக் கிட்ட, வெல்டிங் பொறி பட்ட பழைய தழும்பு வெளியே வந்தபோது அக்கா ஒரு கணம் கையை நிறுத்தினார். “ஜெர்மனியில பட்டது” என்று யாருக்கோ சொன்னார்.

துடைத்து முடிந்தது. நிறம் அண்ணையின் நிறம்தான். ஆனாலும், அந்த வெள்ளை மீசையோடு அவரை நாங்கள் யாருமே முழுதாகப் பார்த்ததில்லை. வெறும் முகம் வந்துவிட்டது. ஆள் இன்னும் வரவில்லை.

அக்கா கைப்பையைத் திறந்து, டை பெட்டி ஒன்றையும் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷையும் எடுத்தார். வீட்டில் அண்ணை பாவித்தவை. “கேட்டவர்” என்றார். “உங்களிட்டயும் சொன்னவராம்.”

“பகிடிக்குச் சொன்னவர் அக்கா.”

“பகிடிக்கெல்லாம் ரெண்டு பேரிட்டச் சொல்லமாட்டார். நீங்கள் அடியுங்கோ.”

பொய் சொல்லமாட்டேன், நான் சுற்றிப் பார்த்தேன், வேறு யாராவது இருக்கிறார்களா என்று. இல்லை. டை பெட்டியின் பக்கத்தில் அச்சடித்திருந்த அறிவுறுத்தலை வாசித்தேன். பயப்படுகிறபோது வாசிப்பது என் வழக்கம். பாவிப்பதற்கு இரண்டு நாள் முன்பு தோலில் தடவி ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. இந்த விசயத்தில் துணிந்து இறங்கலாம் என்று முடிவுசெய்தேன்.

பியூனரல் பெண் ஒரு துவாயை அண்ணையின் கழுத்தில் சுற்றி, எனக்குக் கையுறை போட்டுவிட்டாள். வலப்பக்கம் சுலபமாக முடிந்தது. இடப்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. பெட்டிக்கு மேலால் எட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் என் மூக்குக்கண்ணாடி விழாமல் பிடித்துக்கொண்டு அடித்தேன். அப்போதுதான் பிரஷ் வழுக்கியது. மேலுதட்டின் ஓரத்தில் கறுப்பாக ஒரு தீற்று.

பஞ்சை எடுத்துத் துடைத்தேன். அந்த நேரத்துக்குள் அது தோலில் ஊறிவிட்டது. கிறீம் போட்டுத் துடைத்தேன். போகவில்லை. மனிதர் கேட்டது ஒன்றே ஒன்று, வழியாமல் அடிக்கச் சொல்லி. காதெல்லாம் சூடாகி, “அக்கா, வழிஞ்சுபோச்சு, மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன்.

அக்கா கிட்ட வந்து குனிந்து பார்த்தார். நிமிரவில்லை. அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் தள்ளி நின்றேன். நிமிர்ந்தபோது பாதி சிரிப்பாக இருந்தது.

“விடுங்கோ தம்பி” என்றார். “துடையாதையுங்கோ. இப்பத்தான் இவர்.”

மகளும் எட்டிப் பார்த்தாள். “ஓ, அப்பா” என்றாள். அதற்குப் பிறகுதான் இருவரும் அழத் தொடங்கினார்கள், தெரிந்த ஆளுக்காக அழுகிற மாதிரி.

அறை குளிராக இருந்ததால் டை பிடிக்க, அதன் பெட்டியில் போட்டிருந்ததைவிடக் கூட நேரம் எடுத்தது. இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, அந்தப் பெண் துவாயை எடுத்துக் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தாள். கறுப்புத் தீற்றைக் கண்டு, அதையும் மறைத்துவிடவா என்று என்னைக் கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்றேன். ஈஸ்ட் ஹாம் படத்தை மட்டும் மகள் பையில் வைத்து மூடினாள்.

சனம் வந்தது. வாசலில் நின்று ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன், தொழில் பழக்கம். கண்ணாடி இல்லாததால் யாரையும் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்றாவதாகவோ நாலாவதாகவோ, கோயிலில் எப்போதும் அண்ணைக்கு எதிர்ப்பக்க வாங்கில் இருக்கும் மனிதர் வந்தார். பெட்டியருகே நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். போக எடுத்த காலைத் திரும்ப வைத்துக் கொஞ்சம் குனிந்து பார்த்தார்.

பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியாமல், தன் வாயின் இடப்பக்க ஓரத்தை ஒற்றை விரலால் இரண்டு தரம் தொட்டுக் காட்டினார்.